தோலில் விழும் குழிகளும் பிடித்துவிடும் கைகளும்

பிரெஞ்சுக்காரர் 'செல்யுலீத்' என்று ஒரு சொல் வழங்குவர். ஆங்கிலத்தின் வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தபோது அது 'செல்லுலைட்' ஆயிற்று. தொடையின் பின்புறத்திலும் அதற்கு மேலும் தோல் ஒரே சீராக இராமல், ஆரஞ்சுப் பழத்தின் தோலைப்போலச் சிறு குழிகளும் மேடுகளுமாகத் தோன்றுகின்றதே, அதற்கு இடப்பட்ட பெயர் இது. இன்று நம் நகரங்களிலுள்ள அழகு நிலையங்களின் விளம்பரத் தாள்களில் இச்சொல் தாராளமாகப் புழங்குகின்றது. பத்து முறை கையால் பிடித்துவிட்டால் குழிகள் மறையும், கொழுப்புக் கரையும், உடம்பின் நச்சு நீர் வெளியேறும் என்று அத்தாள்கள் உறுதி கூறுகின்றன. கட்டணமும் சிறிதன்று.

பணம் போவது ஒருபுறம் இருக்கட்டும். என்னிடம் பயின்று இப்போது தாய்மாராக விளங்கும் பழைய மாணவியர் சிலர், தம் பெண்கள் இக்குழிகளை ஏதோ பெருங்குறையாகக் கருதிக் கூசி, ஓட்டப் பந்தயத்துக்கும் நீச்சலுக்கும் செல்ல மறுக்கின்றனர் என்று வருந்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பதினேழு வயதுப் பெண் ஒருத்தி ஓடுவதை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு இதில் என்னதான் இருக்கின்றது? மாணவர்களே, அதனை முறையாக ஆராய்வோம்.

முதலில் சொல்லின் வரலாறு. 1873ஆம் ஆண்டில் வெளிவந்த பிரெஞ்சு மருத்துவ அகராதி ஒன்றில் இச்சொல் இடம்பெற்றது. அகராதியைத் தொகுத்தவர்கள் எமில் லித்ரே, சார்ல் ரொபேன் என்னும் இருவர். அந்நாளில் அதன் பொருள் வேறு. தோலுக்கு அடியிலுள்ள மென்மையான திசுவில் ஏற்படும் அழற்சி என்னும் நோயையே அது குறித்தது. சொல்லின் ஈறே அழற்சியைக் காட்டும் ஈறுதான். பின்னர் 1930ஆம் ஆண்டுகளில், பாரிஸ் நகரத்து 'வோத்ர் போத்தே' முதலிய அழகுக்கலை இதழ்கள் அச்சொல்லை எடுத்துப் பெண்களின் தொடைக் குழிகளுக்குச் சூட்டின. 1968இல் அமெரிக்காவின் 'வோக்' இதழ் அதனைக் கடல் கடந்து கொண்டு சென்றது. ஒரு நோயின் பெயர் ஒரு தோற்றத்தின் பெயராக மாறிய கதை இதுதான். பெயரில் நோய் ஒட்டிக்கொண்டிருந்தமையால், தோற்றமும் நோயாகவே எண்ணப்படலாயிற்று.

சொல் புதிதேயன்றிப் பொருள் புதிதன்று. 1640இல் மறைந்த ரூபன்ஸ் என்னும் ஓவியர் தீட்டிய 'மூன்று நங்கையர்' என்னும் ஓவியம் ஸ்பெயின் நாட்டு மத்ரித் நகரிலுள்ள பிராடோ காட்சிச்சாலையில் இருக்கின்றது. அந்நங்கையரின் உடம்பில் இதே மேடு பள்ளங்களை அவர் ஒளிக்காமல் தீட்டியிருக்கின்றார். அவர் வரைய முற்பட்டது அழகின் தேவதைகளை என்பதை நினைவில் வைக்க.

இனி, குழி எவ்வாறு விழுகின்றது என்பதைக் காண்போம். உங்கள் வீட்டில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்று இருக்குமாயின் அதனைச் சற்று நோக்குங்கள். பஞ்சு ஒரு பக்கமாக ஒதுங்கிவிடாதபடி, மெத்தை தைப்பவர் மேல் துணியையும் கீழ்த் துணியையும் இடையிடையே நூலால் இழுத்துக் கட்டியிருப்பார். நூல் இழுக்கும் இடத்தில் துணி உள்வாங்கிக் குழியாகின்றது. நூலுக்கும் நூலுக்கும் இடையில் பஞ்சு புடைத்து மேடாகின்றது. தொடையின் தோலும் ஏறத்தாழ இதே அமைப்பு உடையதுதான். மேலே தோல், அதற்கு அடியில் கொழுப்பு, அதற்கும் அடியில் தசையைப் போர்த்திய உறை. கொழுப்பை ஊடுருவிக்கொண்டு கொலாஜன் என்னும் புரதத்தால் ஆன நார்ப்பட்டைகள் தோலையும் கீழுள்ள உறையையும் பிணைக்கின்றன. நார்கள் மெத்தையின் நூல். கொழுப்பு அதன் பஞ்சு. நார் இறுகினாலும் குழி ஆழமாகும். கொழுப்புப் பெருத்தாலும் மேடு உயரும். தோல் மெலிந்து தளர்ந்தாலும் இரண்டும் வெளியே தெரியும்.

ஆண்களுக்கு இது ஏன் அரிதாக இருக்கின்றது? இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் நூர்ன்பெர்கர், முல்லர் என்னும் ஜெர்மானிய மருத்துவர் இருவர். பெண்களின் தொடையில் நார்கள் பெரும்பாலும் தோலுக்குச் செங்குத்தாக நின்று பெரிய அறைகளை வகுக்கின்றன என்றும், ஆண்களுக்கு அவை வலைபோலக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிச் சிற்றறைகளை ஆக்குகின்றன என்றும் அவர்கள் 1978இல் எழுதினர். காந்த அலைப் படங்களைக் கொண்டு பிற்காலத்தார் செய்த ஆராய்ச்சிகள், உண்மை அவ்வளவு எளிமையானதன்று, நார்கள் பல திசைகளிலும் ஓடுகின்றன என்று காட்டியுள்ளன. எனினும் செங்குத்தான நார்கள் பெண்களிடத்தில் மிகுதி என்பது நிலைத்து நிற்கின்றது. ஆண்களின் தோல் தடிப்பானது என்பதும் ஒரு காரணம்.

அவ்விரு மருத்துவரும் தம் கட்டுரைத் தலைப்பிலேயே இதனைக் கற்பித்துக்கொண்ட நோய் என்று குறித்தது கருதத்தக்கது. பூப்பு எய்திய பெண்களுள் நூற்றுக்கு 80 முதல் 90 பேர் வரை இது சிறிதேனும் காணப்படும் என்று மருத்துவ நூல்கள் கூறுகின்றன. ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண்மைச் சுரப்பு இதற்குத் துணை செய்வதாகக் கருதப்படுகின்றது. மெலிந்த பெண்களுக்கும் இது உண்டு. ஓட்டப் பந்தய வீராங்கனைகளுக்கும் உண்டு. நூறு பேரில் எண்பது பேருக்கு மேல் இருப்பதைக் குறை என்று சொல்வதாயின், இல்லாதவர்களை என்னென்று சொல்வது?

அமைப்பை அறிந்துகொண்டோம். இனிக் கையின் வேலைக்கு வருவோம். பிடித்துவிடும் கலை எல்லா நாடுகளிலும் பழமையானது. ஐரோப்பாவில் அதனை ஒழுங்குபடுத்தியவர்களுள் ஒருவர், 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆம்ஸ்டர்டாம் நகரத்து மருத்துவர் யோஹான் மெட்ஸ்கர். உள்ளங்கையால் நீளமாக நீவுதல், மாவு பிசைவதுபோலப் பிசைதல், விரலால் அழுத்தித் தேய்த்தல், கை ஓரத்தால் தட்டுதல் என்று அவர் வழிவந்தோர் பிரித்துப் பெயரிட்டனர். தொடைக் குழிகளுக்கென்று அழகு நிலையத்தார் சேர்த்துக்கொள்ளும் முறை மற்றொன்று உண்டு: தோலைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையே மடிப்பாகப் பற்றி, அம்மடிப்பை அலைபோல உருட்டிக்கொண்டே செல்வது. சற்று நோவு தருவதுதான்.

இவற்றால் உடம்பினுள்ளே நடப்பது என்ன? தோலில் குருதி ஓட்டம் மிகும். ஆகையால் இடம் சிவந்து வெதுவெதுப்பாகும். தசையின் இறுக்கம் தளரும்; மனமும் அமைதியுறும். திசுக்களின் இடையே தேங்கிய நீர் சிறிது இடம் பெயரும். இந்த மூன்றும் உண்மை.

கொழுப்புக் கரைதல் இப்பட்டியலில் இல்லை. கொழுப்பு உயிரணு தன்னுள் வைத்திருக்கும் கொழுப்பை, உடம்புக்கு ஆற்றல் தேவைப்படும்போது குருதி வழியே வரும் சுரப்புகளின் கட்டளைக்கும் நரம்பின் கட்டளைக்கும் இணங்கி வெளியிடுமேயன்றிக் கையின் அழுத்தத்துக்கு இணங்கி வெளியிடுவதில்லை. வெண்ணெயை விரலால் பிசைந்தால் உருகுவதுபோல அது உருகும் என்பது வீண் எண்ணம். பலத்த அடியினால் அவ்வணுக்கள் சிதைந்தால் அவ்விடத்தில் கட்டி உண்டாகுமேயல்லாமல் அழகு உண்டாகாது. நச்சு நீர் என்பதும் அத்தகையதே. உடம்பின் கழிவை அகற்றும் பணி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் உரியது. தொடையில் நஞ்சு தேங்கிக் குழி விழுவதில்லை. நார்களையோ கை அறுக்கவும் முடியாது, நீட்டவும் முடியாது. மெத்தையை எவ்வளவு தட்டினாலும் பஞ்சு தளர்ந்து சற்று நேரம் உப்பி நிற்கும், தையல் பிரிவதில்லை.

நீர் இடம் பெயர்வதைச் சற்று விரித்துக் கூற வேண்டும். ஏனெனில் கைவேலையின் உண்மையான சிறப்பு அங்கேதான் உள்ளது. குருதிக் குழாய்களினின்றும் கசியும் நீரில் ஒரு பகுதி, நாள் ஒன்றுக்குச் சுமார் 2 முதல் 3 லிட்டர், நிணநீர்க் குழாய்களின் வழியே மீண்டும் குருதியைச் சேருகின்றது. இவற்றுக்கு இதயம்போன்ற எந்திரம் கிடையாது. குழாயின் சுவர் தானே சுருங்குவதாலும், தசைகள் அசைவதாலும், மூச்சு விடுவதாலும் நிணநீர் மெல்ல மெல்ல மேலேறுகின்றது. டென்மார்க் நாட்டு எமில் வாடரும் அவர் மனைவியார் எஸ்ட்ரிட் வாடரும், 1932இல் பிரான்சின் தென்கரையிலுள்ள கான் நகரில் பணிபுரிந்தபோது, ஓயாத சளியால் கழுத்து நிணக்கட்டிகள் வீங்கியவர்களை மிக மென்மையாக நீவிப் பார்த்தனர். அதற்கு முன்பெல்லாம் வீங்கிய நிணக்கட்டியைத் தொடுதல் தகாது என்றே கருதப்பட்டது. அவ்வனுபவத்திலிருந்து 'நிணநீர் வடிப்பு' என்னும் கைமுறை பிறந்தது. 1936இல் பாரிஸ் நகரில் அதனை மக்களுக்கு அறிமுகம் செய்தனர். இம்முறையில் அழுத்தம் மிகச் சிறிது. தோலைத் தசையின்மேல் மெல்ல நகர்த்தும் அளவுதான். நோவு எடுக்கப் பிசைந்தால்தான் பயன் என்று எண்ணுபவர் இதனைக் கண்டால் வியப்பர்.

தொடையில் தேங்கிய நீர் குறைந்தால் தோல் சிறிது வழவழப்பாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் அது நிலைக்கின்றதா? 1999இல் இங்கிலாந்து நாட்டு மருத்துவர் சிலர் 52 பெண்களை 12 வாரம் சோதித்து முடிவை வெளியிட்டனர். உருளைகளும் காற்றை உறிஞ்சும் அமைப்பும் கொண்டு தோலை உருட்டும் எந்திரத்தை ஒரு பிரிவினருக்கு ஒரு காலில் மட்டும் இயக்கினர். மற்றக் கால் ஒப்பிடுவதற்காக விடப்பட்டது. அறிவியல் மாணவர் இந்த ஏற்பாட்டை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ஒரே பெண், ஒரே உணவு, ஒரே நடை; வேறுபாடு எந்திரம் ஒன்றுதான். இரு கால்களின் அளவுகளிலும் பெரும்பாலும் வேறுபாடு தோன்றவில்லை. எந்திரம் பட்ட 35 கால்களில் 10 கால்கள் மட்டுமே தேறின என்று அப்பெண்களே கூறினர். கையால் செய்யும் நிணநீர் வடிப்பைத் தனியாக ஆராய்ந்த பிரேசில் நாட்டு ஆய்வு 2014இல் வெளிவந்தது. முறை தீங்கற்றது, ஆனால் தனித்து நின்று குழிகளைப் போக்கவில்லை என்பது அதன் முடிவு. துருக்கி நாட்டினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில் எந்திரம், நிணநீர் வடிப்பு, இணைப்புத் திசுவை இழுத்துவிடல் ஆகிய மூன்றினாலும் தொடையின் கொழுப்பு மடிப்புச் சிறிது மெலிந்ததாகக் கண்டனர். அங்கே எந்தச் சிகிச்சையும் பெறாத பிரிவு ஒன்று ஒப்பிட வைக்கப்படவில்லை. அளவு நாடா மிக எளிதில் ஏமாற்றும் கருவி. நம்பிக்கை இல்லையெனில் உங்கள் கெண்டைக்காலை விடியற்காலையில் ஒரு முறையும், நெடுநேரம் நின்ற பின்பு மாலையில் ஒரு முறையும் அளந்து பாருங்கள்.

குழிக்குக் காரணமான நாரையே அறுக்கும் முறைகளும் வந்துள்ளன. தோலுக்கு அடியில் நுண்ணிய கத்தியைச் செலுத்தி நாரைத் துண்டிக்கும் கருவிக்கு அமெரிக்க அரசின் உணவு மருந்து ஆணையம் 2015இல் அனுமதி அளித்தது. கொலாஜனைக் கரைக்கும் ஊசிமருந்துக்கு 2020இல் அனுமதி கிடைத்தது. ஆனால் தோலில் கன்றிய நிறம் நெடுநாள் தங்கியமையால், அதனைச் செய்தவர்களே 2022இன் இறுதியில் விற்பனையை நிறுத்துவதாக அறிவித்தனர். நோயற்ற காலுக்கு இவ்வளவு இடர் ஏன் என்று நான் கேட்பேன். வேண்டுவோர் தகுந்த மருத்துவரிடமே கேட்டுத் தெளிக. நடையும் ஓட்டமும் நீச்சலும் தசையை உரமாக்கித் தோலின் தோற்றத்தை ஓரளவு திருத்தும். குழிகளுக்குக் கூசி அவற்றைக் கைவிடுவது எவ்வளவு பொருந்தாதது!

இறுதியாக ஒன்று, சொல்லப்போனால் இவ்வுரையின் மிக முதன்மையான பகுதி இதுவே. செல்லுலைட் என்பதை ஒத்து ஒலிக்கும் 'செல்லுலைட்டிஸ்' என்று வேறொரு சொல் உண்டு. அது மெய்யான நோய். வெடிப்பு, புண், பித்தவெடி இவற்றின் வழியே நுண்கிருமிகள் புகுந்து தோலின் அடித்திசுவைத் தாக்குவதால் வருவது. கால் சிவக்கும், கொதிக்கும், வீங்கும், தொட்டால் வலிக்கும்; குளிருடன் காய்ச்சலும் வரலாம். பிரெஞ்சு மொழியிலோ இரண்டுக்கும் ஒரே சொல்தான். பெயரின் ஒற்றுமையால் மயங்கி இதற்கு எண்ணெய் தடவிப் பிடித்துவிடுதல் கூடவே கூடாது. அன்றைக்கே மருத்துவரை அடைந்து கிருமிக்கொல்லி மருந்து பெறல் வேண்டும். ஒரு காலின் கெண்டை மட்டும் திடீரென வீங்கி வலித்தாலும் கை வைத்தல் ஆகாது. ஆழ்ந்த சிரையில் குருதி உறைந்திருக்கலாம். பிசைந்தால் அக்கட்டி பெயர்ந்து நுரையீரலில் சென்று அடைத்து உயிருக்கே ஊறு செய்யும்.

நம் நாட்டில் யானைக்கால் நோயால் வருந்துவோருக்கு இந்தக் கிருமித் தாக்குதல் அடிக்கடி வருவதுண்டு. நிணநீர்க் குழாய்கள் பழுதுற்ற கால் அவர்களுடையது. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்வது அவர்களுக்குரிய முதல் காப்பு. காய்ச்சலும் சிவப்பும் அடங்கிய பின்பு, பயிற்சி பெற்றவர் கையால் நிணநீரை மெல்ல வடித்துக் காலில் கட்டுத்துணியை முறையாகச் சுற்றிவிட்டால் வீக்கம் குறைகின்றது. வாடர் தம்பதியர் வகுத்த அந்த மென்மையான கைமுறை மருத்துவமனைகளில் இன்று பயன்படுவது பெரும்பாலும் இத்தகைய கால்களுக்கும், மார்புப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்டபின் வீங்கும் கைகளுக்குமேயாகும்.