முதலில் மண், பிறகு மருந்து

2010ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் நைஜீரியாவின் ஜம்ஃபாரா மாநிலத்துச் சிற்றூர்களில் சின்னஞ்சிறு குழந்தைகள் வலிப்பு வந்து அடுத்தடுத்து இறந்தார்கள். மலேரியாவாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ரத்தத்தைச் சோதித்தபோது அதில் ஈயம் மிக அதிக அளவில் இருந்தது. அங்கே கிடைத்த தங்கத் தாதுவில் ஈயமும் கலந்திருந்தது. அந்தத் தாதுவை வீட்டு முற்றத்திலேயே உடைத்து அரைத்தார்கள். தூசு மண்ணில் படிந்தது; தவழ்ந்து விளையாடிய குழந்தைகளின் கை வழியே வாய்க்குள் போனது. நானூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிடப்பட்டது.

உயிரோடு இருந்த குழந்தைகளைக் காப்பாற்ற 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பு கையில் எடுத்ததுதான் கீலேஷன் சிகிச்சை.

மருந்து என்ன செய்கிறது?

ஈயம் உடலுக்குள் சுண்ணாம்புச்சத்தைப் போல நடித்து எலும்பிலும் மூளையிலும் புகுந்துகொள்ளும். கீலேஷன் மருந்து, நண்டு தன் கொடுக்கால் பிடிப்பதுபோல அந்த உலோக அணுவைக் கவ்விக்கொண்டு சிறுநீர் வழியே வெளியேற்றுகிறது. இவ்வகையின் முன்னோடி டைமெர்காப்ரோல். இரண்டாம் உலகப் போரின்போது, ஆர்சனிக் கலந்த நச்சுவாயுவுக்கு மாற்று மருந்தாக ஆக்ஸ்ஃபோர்டில் அதை உருவாக்கினார்கள். ஜம்ஃபாராவில் கொடுத்தது வாய்வழி உட்கொள்ளும் சக்சிமர். 2010 ஜூன் முதல் 2011 ஜூன் வரை ஐந்து வயதுக்குட்பட்ட 1,156 குழந்தைகளுக்கு 3,180 சுற்று மருந்து தரப்பட்டது. ஒரு சுற்றோடு பலருக்கு முடியவில்லை என்பதை இந்த எண்களே சொல்கின்றன. எலும்பில் சேர்ந்த ஈயம் மெல்ல மெல்லக் கசிந்து மீண்டும் ரத்தத்துக்கு வருகிறது.

பாகேகாவின் காத்திருப்பு

மற்ற ஊர்களில் நச்சு மண்ணைச் சுரண்டி அகற்றி, நல்ல மண்ணைப் பரப்பிய பிறகே சிகிச்சை தொடங்கியது. பாகேகா என்ற பெரிய ஊரில் அந்த வேலை 2013 வரை தள்ளிப்போனது. அதுவரை அங்குள்ள குழந்தைகளுக்கு மருந்தும் தொடங்கவில்லை. கொடுமையாகத் தோன்றலாம், ஆனாலும் மருத்துவர்கள் செய்தது சரி என்றே கருதுகிறேன். மருந்து குடித்த குழந்தை அதே முற்றத்தில் தவழ்ந்தால், வெளியேறிய ஈயம் மறுநாளே உள்ளே வந்துவிடும். குற்றம் மண்ணைச் சுத்தம் செய்யத் தாமதித்தவர்களுடையது.

நம் வீடுகளிலும் இதே வரிசைதான். பழைய பேட்டரி உடைக்கும் பட்டறை, பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்த மஞ்சள்தூள், ஈயம் கலந்த கண்மை, ஈயமும் பாதரசமும் சேர்ந்த சில பாரம்பரிய மருந்துகள் ஆகியவற்றில் எது காரணம் என்று கண்டுபிடித்து நிறுத்துவதே சிகிச்சையின் முதல் பாதி.

யாருக்குத் தேவை?

ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராம் ஈயம் இருந்தாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்குக் கீலேஷனைப் பரிந்துரைப்பதோ 45ஐத் தொட்ட பிறகு. நடுவில் இருப்பவர்களுக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவில் 20 முதல் 44 வரை அளவு இருந்த 780 குழந்தைகளிடம் அதைச் சோதித்தே பார்த்தார்கள். சக்சிமரால் ரத்த ஈயம் குறைந்தது. ஆனால் மூன்றாண்டுகள் கழித்துப் பார்த்தபோது அறிவுத்திறனிலும் நடத்தையிலும் எந்த முன்னேற்றமும் இல்லை. 2001இல் வெளியான இந்த முடிவு என்னை இன்றும் உறுத்துகிறது. மூளைக்கு நேர்ந்த சேதத்தை மருந்தால் திருப்பிப் பெற முடியவில்லை.

'நச்சு நீக்கம்' என்ற வியாபாரம்

உடம்பைச் சுத்தப்படுத்துகிறோம் என்று சொல்லி ரத்தநாளத்தில் ஏற்றும் கீலேஷன் டிரிப்ஸை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முதலில் மருந்தைக் கொடுத்துவிட்டு, பிறகு சிறுநீரைச் சோதித்து, "பாருங்கள், எவ்வளவு உலோகம்" என்று காட்டுவார்கள். மருந்து கொடுத்தால் யாருடைய சிறுநீரிலும் அளவு கூடத்தான் செய்யும். அது நோய்க்குச் சான்று ஆகாது. ஆட்டிசத்துக்கும் இதைப் பரிந்துரைக்கிறார்கள். அதனால் பயன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆபத்து உண்மையானது. கால்சியம் டைசோடியம் இடிடிஏ ஈய நச்சுக்கான மருந்து. டைசோடியம் இடிடிஏ பெயரளவில் அதற்கு நெருக்கமானது. ஆனால் அது ரத்தத்தின் சுண்ணாம்புச்சத்தையே உறிஞ்சி இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. 2003க்கும் 2005க்கும் இடையில் அமெரிக்காவில் கீலேஷனுக்குப் பின் சுண்ணாம்புச்சத்து சரிந்து மூவர் இறந்தார்கள். அவர்களில் இருவர் குழந்தைகள்; ஒரு குழந்தைக்கு வயது இரண்டு, ஆட்டிசம் இருந்த மற்றொரு குழந்தைக்கு ஐந்து. சரியான மருந்துகூடத் துத்தநாகம் போன்ற தேவையான சத்துகளைச் சேர்த்தே வெளியேற்றக்கூடும். அதனால் சிகிச்சையின்போது ரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

டாக்டரிடம் போகும்போது

குழந்தைக்குக் காரணம் தெரியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், ரத்தசோகை, பேச்சில் பின்னடைவு இருந்தால் ஈயத்துக்கான ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். வலிப்போ மயக்கமோ வந்தால் காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விரல் நுனியில் எடுத்த ரத்தத்தில் அளவு கூடுதலாக இருந்தால், தோலில் ஒட்டிய தூசு காரணமாக இருக்கலாம். ரத்தநாளத்திலிருந்து எடுத்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். வீட்டில் யாராவது பட்டறை வேலைக்குப் போனால் அதைச் சொல்லுங்கள். சாப்பிட்டுவரும் செந்தூரம், லேகியம், கண்ணுக்கிடும் மை எதுவானாலும் டப்பாவோடு எடுத்துச் செல்லுங்கள்.