நூலகத்தில் நூல் கிடைக்கிறதா?

ஆராய்ச்சி இதழ்களை அரசுக் கல்வி நிறுவனங்கள் அனைத்துக்கும் பொதுவாக வாங்கித் தரும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. மூன்றாண்டுகளுக்கு ரூ.6,000 கோடி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால், நூலகத்தில் ஒன்று இருப்பது வேறு. தேடி வரும் மாணவரின் கைக்கு அது கிடைப்பது வேறு.

இந்த வேறுபாட்டை முன்பே உணர்ந்தவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பொறுப்பை ஏற்ற அவர், 1931-இல் வெளியிட்ட நூலக அறிவியலின் ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பதாகும். இன்று 'பயனர் அனுபவம்' என்று பேசப்படுவதன் சாரமும் அதுவே.

நேரம் எங்கே வீணாகிறது? முதலாவது, கணினி நூற்பட்டியல். பல கல்வி நிறுவனங்களில் தமிழ் நூல்களின் தலைப்புகள் ரோமன் எழுத்தில் பதியப்பட்டுள்ளன. 'சிலப்பதிகாரம்' என்று தமிழில் தட்டச்சு செய்தால் எதுவும் வராது. ரோமன் எழுத்திலும் முதலெழுத்தை ஒருவர் 'சி' என்றும், மற்றொருவர் 'எஸ்' என்றும் எழுதுவர். நூல் அலமாரியில் இருக்கிறது. கணினியோ இல்லை என்கிறது. தலைப்பைத் தமிழ் எழுத்திலும் பதிவதே இதற்குத் தீர்வு. பல நூலகங்கள் பயன்படுத்தும் கட்டற்ற மென்பொருளான 'கோஹா'வில் இதற்கு வசதி உண்டு.

இரண்டாவது, அலமாரி. நூலின் முதுகில் உள்ள பகுப்பு எண் நூலகருக்குப் புரியும். புதிய மாணவருக்குப் புரியாது. வரிசைதோறும் பாடப்பெயரை எழுதி வைத்தால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, மின்னிதழ்கள். வளாக இணையத்தில் திறக்கும் கட்டுரை, விடுதியிலோ வீட்டிலோ பணம் கேட்கிறது. வெளியிலிருந்து உள்நுழைவதற்கு இன்ஃப்ளிப்நெட் மையத்தின் 'இன்ஃபெட்' போன்ற ஏற்பாடுகள் உள்ளன. தம் நிறுவனத்தில் அது உண்டா, எப்படி நுழைவது என்பதை மாணவருக்கு யாரேனும் சொல்லியாக வேண்டும்.

இத்தகைய குறைகளைக் கருத்துக் கேட்புப் படிவங்கள் வெளிக்கொணர்வதில்லை. பெரும்பாலோர் 'நன்று' எனக் குறித்துவிட்டுச் செல்வர். அதைவிட, புதிய மாணவர் ஐவரிடம் ஒரு நூலையும் ஓர் ஆய்வுக் கட்டுரையையும் தேடித் தருமாறு கூறி, உதவாமல் உடனிருந்து கவனிக்கலாம். அவர்கள் எங்கே தயங்கி நிற்கிறார்களோ, அங்கே நூலகம் திருத்தப்பட வேண்டும். பலன் தராத தேடல் சொற்களையும், நூல் வழங்குமிடத்தில் மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளையும் குறித்து வைப்பதும் உதவும். இவற்றுக்குப் பெரும் செலவில்லை.

கேட்கத் துணிந்த மாணவர் எப்படியும் நூலைப் பெற்றுவிடுவார். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வரும் மாணவரோ, கேட்கத் தயங்கி வெறுங்கையுடன் திரும்பக்கூடும். ஆண்டறிக்கையில் நூல்களின் எண்ணிக்கை இடம்பெறுகிறது. தேடியும் கிடைக்காமல் திரும்பியோரின் எண்ணிக்கையும் அதில் இடம்பெற வேண்டும்.