இரண்டு நாளில் மருந்தை நிறுத்துவது ஏன்?

பிறந்து சில நாட்களே ஆன குழந்தைக்குக் கிருமித் தொற்று இருக்கலாம் என்று ஐயம் எழுந்தால், சேர்த்த ஒரு மணி நேரத்திற்குள் ஆன்டிபயாடிக் ஊசியைத் தொடங்க முயல்கிறோம். இரண்டு நாட்கள் கழிந்ததும், அக்குழந்தைகளுள் பலருக்கு அதே ஊசியை நிறுத்தியும் விடுகிறோம். வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் கிராமங்களிலிருந்து வரும் பெற்றோரும் பாட்டிமாரும், “பாதியில் ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்பதுண்டு. சளியுடன் வரும் மூன்று வயதுக் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் எழுதாதபோது, “ஏன் தரவில்லை?” என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டும் நியாயமான கேள்விகள். அவற்றுக்கு விடை தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஏன் காத்திருப்பதில்லை?

பச்சிளங்குழந்தையின் நோய் எதிர்ப்பாற்றல் முதிர்ச்சி அடைந்திராது. இரத்தத்தில் கிருமி பரவும் செப்சிஸ் என்னும் நிலை சில மணி நேரத்திலேயே உயிருக்கு ஆபத்தாக முடியலாம். அதற்குக் காய்ச்சல் வந்தே தீரவேண்டும் என்பதில்லை. உடல் சில்லிட்டுப் போவதும் அதன் அடையாளமாகலாம். எனவே கல்ச்சர் பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு மருந்தைத் தொடங்குகிறோம். ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் சேர்ந்த சிகிச்சை, உலக சுகாதார நிறுவனம் முதல் நிலையில் பரிந்துரைப்பது. குழந்தையின் எடை, பிறந்த மாதக் கணக்கு, வயது ஆகியவற்றைக் கொண்டே அளவையும் இடைவெளியையும் முடிவு செய்கிறோம். சிறுநீரகம் முதிராத குழந்தைக்கு ஜென்டாமைசின் மிகுந்துவிட்டால் சிறுநீரகமும் செவிப்புலனும் பாதிக்கப்படலாம்.

48 மணி நேரத்தில் தெரிய வருவது

இரத்தத்தில் கிருமி இருந்தால், பெரும்பாலும் 36 முதல் 48 மணி நேரத்திற்குள் கல்ச்சரில் அது வளர்ந்துவிடும். வளர்ந்தால், எந்த மருந்துக்கு அக்கிருமி கட்டுப்படும் என்று பார்த்து, அதற்கு மட்டும் உரிய மருந்துக்கு மாற்றி, உரிய நாட்கள் வரை தருகிறோம். கிருமி வளராமல், குழந்தையும் நன்றாகப் பால் குடித்து, மற்றப் பரிசோதனைகளும் சீராக இருந்தால் நிறுத்திவிடுகிறோம். கிருமி வளராவிட்டாலும் குழந்தையின் நிலை கவலை தருமானால் தொடர்கிறோம்.

ஆகவே, மருந்து நிறுத்தப்பட்டது என்றால் குழந்தையைக் கைவிட்டுவிட்டோம் என்று பொருளன்று; தொற்று இல்லை என்ற நற்செய்தி அது. மருத்துவர் பரிசோதித்து நிறுத்துவது வேறு, காய்ச்சல் தணிந்ததும் வீட்டில் தாமாகவே நிறுத்துவது வேறு.

தேவையற்ற மருந்து செய்யும் தீங்கு

ஆன்டிபயாடிக், தீய கிருமிகளோடு குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களையும் அழிக்கிறது. குறைமாதக் குழந்தைகளில், தொற்று உறுதியாகாமலே பல நாட்கள் மருந்து தொடர்வதற்கும் கடுமையான குடல் அழற்சிக்கும் தொடர்பிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன.

மற்றொரு தீங்கு, மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகள் பெருகுவது. 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று பெரிய மருத்துவமனைகளில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் சேர்க்கப்பட்ட 13,530 பச்சிளங்குழந்தைகளிடம் ஆய்வு நடந்தது. ஏறத்தாழ ஏழு குழந்தைகளுக்கு ஒன்று என்ற அளவில் செப்சிஸ் காணப்பட்டது. அவர்களிடம் மிகுதியாகக் கண்ட அசினெட்டோபாக்டர் கிருமிகளில் 82 விழுக்காடு பல மருந்துகளுக்குக் கட்டுப்படாதவை. நம் புதுச்சேரியின் ஜிப்மர், இத்தகைய கிருமிகளைக் கண்காணிக்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அமைத்த வலையமைப்பின் மையங்களுள் ஒன்று. இன்று தேவையின்றித் தரும் மருந்து, நாளை உண்மையிலேயே தேவைப்படும் குழந்தைக்குப் பயன்படாமல் போகலாம்.

வளர்ந்த குழந்தைகளுக்கு

சளி, மூக்கொழுகல், சாதாரண இருமல் பெரும்பாலும் வைரஸால் வருபவை. வைரஸை ஆன்டிபயாடிக் அழிப்பதில்லை. நிமோனியாவின் நிலை வேறு. அமைதியாக இருக்கும்போது, நிமிடத்திற்கு 2 மாதம் முதல் 1 வயது வரை 50 முறையோ அதற்கு மேலோ, 1 முதல் 5 வயது வரை 40 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினால், அல்லது நெஞ்சு உள்வாங்கினால், தாமதிக்காமல் அழைத்து வாருங்கள்.

வயிற்றுப்போக்கிற்கு முதன்மையான மருந்து ஓ.ஆர்.எஸ். கரைசலும், 14 நாட்களுக்குத் துத்தநாக மாத்திரையும் ஆகும். தாய்ப்பாலையும் உணவையும் நிறுத்தக் கூடாது. மலத்தில் இரத்தம் கலந்து வருதல், காலரா ஐயம் போன்ற சில நிலைகளிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்படுகிறது.

குடும்பத்தாரிடம் நாங்கள் வேண்டுவது

• மூத்த பிள்ளைக்கு வாங்கிய சிரப்பின் மிச்சத்தை இளைய பிள்ளைக்குத் தராதீர்கள். நீர் கலந்த சிரப்பை, புட்டியில் குறித்துள்ள நாட்களுக்கு மேல் வைத்திருக்காதீர்கள்.
• அட்டையில் சிவப்புக் கோடுள்ள மருந்தை மருத்துவர் சீட்டின்றி வாங்காதீர்கள்.
• வெளியில் ஏற்கெனவே மருந்து கொடுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையையும் சீட்டையும் கொண்டு வாருங்கள். அது கல்ச்சர் முடிவையே மாற்றக்கூடும். உங்களைக் கடிந்துகொள்ள மாட்டோம்.
• குழந்தையைத் தொடுமுன் சோப்பால் கை கழுவுங்கள். சீம்பால் தவறாமல் கொடுங்கள். உரை மருந்து, சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். தொப்புளில் எதையும் தடவாதீர்கள்.

பிறந்து இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, தூண்டினால் மட்டும் அசைந்தாலோ, உடல் சுட்டாலோ சில்லிட்டாலோ, நிமிடத்திற்கு 60 முறையோ அதற்கு மேலோ மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு உள்வாங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, தொப்புள் சிவந்து சீழ் வைத்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திற்கோ எங்களிடமோ உடனே வாருங்கள். 108 ஆம்புலன்ஸையும் அழைக்கலாம். சிகிச்சையின்போது எந்த மருந்து, எதற்காக, எத்தனை நாள் என்று எங்களைக் கேளுங்கள். அவ்வாறு கேட்பது உங்கள் உரிமை.