தடம் பெருகும் விதம்

வழியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல. அவற்றுள் தடம் என்னுஞ் சொல், பதிந்த அடையாளத்தையும் அவ்வடையாளமே வழியாகி நிற்பதையும் ஒருங்கே உணர்த்துவது. வீதியை அரசு அமைக்கின்றது. தடத்தையோ போவோர் வருவோரே அமைத்துவிடுகின்றனர்.

புளியந்தீவிலே தடங்கள் பெருக இடமில்லை. சுற்றிலும் வாவி, வெளியே செல்லும் வண்டிகளெல்லாம் பாலங்களின் வழியே போதல் வேண்டும். மேற்கே படுவான்கரையை அடைந்தாலோ தடுப்பாரில்லை. மாரியில் நனைந்த களிமண்மீது உழவு இயந்திரம் ஒன்று செல்கின்றது. அதன் பாரத்தால் மண்ணின் நுண்ணிய துளைகள் நெரிந்து அடைபடுகின்றன. மழைநீர் உட்புகாது சில்லுப் பள்ளத்திலே தேங்குகின்றது. பின்வரும் சாரதி அச்சேற்றிற் புதைய அஞ்சிப் புற்றரையால் விலகுவான். அவன் விலகிய இடமும் சில நாளிற் சேறாக, மூன்றாமவன் அதனையும் விலகுவான். இவ்வாறு ஒரு வழி நான்கைந்தாகக் கிளைக்கின்றது. இதில் எவரையுங் குறைகூறல் தகாது. வேளாண்மை வெட்டி நெல்லை ஏற்றியவன் நிலம் உலருமட்டும் காத்திருக்க முடியுமா? ஆயினும் இழப்பு மேய்ச்சல் நிலத்துக்கே. இறுகிய மண்ணிற் புல் வேரூன்றுவது அரிது. வாவியோரத்துக் கண்டற் கன்றுகளும் சில்லிற்பட்டு அழியும்.

காவலுள்ள நிலத்தில் இது யாங்ஙனம் நிகழ்கின்றது என்பதற்குக் கதிர்காமப் பாதயாத்திரை வழி தக்க சான்றாகும். மட்டக்களப்பினூடாகத் தெற்கே நடக்கும் அடியார்கள், உகந்தையிலிருந்து குமண, யால வனங்களைக் கடந்து கதிர்காமஞ் சேர்கின்றனர். யால 1938ஆம் ஆண்டிலும், கிழக்கு யால என முன்னர் வழங்கிய குமண 1970ஆம் ஆண்டிலும் தேசியப் பூங்காக்களாயின. திருவிழாவையொட்டிய சில நாட்களில் மட்டும் வனசீவராசிகள் திணைக்களத்தார் இவ்வழியைத் திறப்பர். ஆயிரக்கணக்கானோர் நடந்தும், முட்புதர்களிடையே நிரையாகச் செல்வதாற் பல இடங்களில் அது ஒற்றையடிப் பாதையே. அடுத்த மாரியிற் புல் மீண்டுந் தலைகாட்டும். ஆண்டின் பெரும்பகுதி அதற்கு ஓய்வன்றோ!

அதே யால வனத்தில் ஜீப் வண்டிகளின் கதை வேறு. குறித்த தடத்தை விட்டு விலகலாகாது என்பது விதி. அதனாற் புதுத்தடங்கள் அடங்கியிருத்தல் உண்மையே. ஆனால் சிறுத்தையைக் காணும் ஆவலில் வண்டிகள் ஓரிடத்தில் நெருங்க, ஒன்றையொன்று முந்தும் முயற்சியில் தடத்தின் விளிம்பு உடைந்து அகலுகின்றது. எல்லைக்கல் நாட்டியதனால் மட்டும் நிலம் காக்கப்படுவதில்லை. எத்தனை சில்லுகள், எக்காலத்தில் என்பதே பெரிது.

படுவான்கரைக்கு விதியைக் காட்டிலும் மதகே பயன்தரும். முதற்றடத்தை உயர்த்திக் கிரவல் பரப்பி, நீர் கழிய வழிவிட்டால், சாரதி விலகிச் செல்லக் காரணமில்லை. இதனை ஐப்பசி மழைக்கு முன்னரே செய்தல் வேண்டும். கைவிட்ட தடங்களின் வாயை முட்கிளையிட்டு அடைத்தாற் சில மாரிகளிற் புல் மூடத்தொடங்கும். மிக இறுகிய இடங்களை மட்டும் ஒருமுறை உழுதுவிடல் நன்று.