இரண்டாம் முறை டெங்கு

"எனக்குத்தான் ஒரு தடவை டெங்கு வந்துட்டுப் போயிடுச்சே, இனிமே வராது" என்று கரோல் பாகில் நம்மவர்கள் சொல்லக் கேட்கிறேன். தட்டம்மைக்கு அது சரி. டெங்குவுக்குச் சரியல்ல.

டெங்கு வைரஸில் 4 வகை உண்டு. ஒரு வகை வந்தால், உடம்பு அதற்கென எதிர்ப்பொருள்களைச் செய்து வைத்துக்கொள்ளும். அதே வகை திரும்பி வந்தால் பயமில்லை. வேறு வகை வந்தால்தான் வினை. பழைய எதிர்ப்பொருள் புது வைரஸைப் பற்றிக்கொள்ளும், முடக்காது. பற்றிய வைரஸை வெள்ளணுக்கள் விழுங்க, அது உள்ளேயே பெருகும். பழைய பில்லைக் காட்டியதும் காவலாள் புது லாரியைக் கிடங்குக்குள் விட்ட கதை! (வியாபாரிக்கு வேறென்ன உவமை தோன்றும்?)

டில்லியில் 1996-இல் இரண்டாம் வகை பரவி 10,000-க்கும் மேற்பட்டோர் படுத்தார்கள். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2003-இல் மூன்றாம் வகை ஓங்கியது. ஆகவே இங்கே நெடுநாள் இருப்பவருக்கு, தெரியாமலே ஒரு வகை வந்து போயிருக்கலாம்.

இரண்டாம் முறை வந்த எல்லோருக்கும் ஆபத்து நேராது. வாய்ப்பு அதிகம், அவ்வளவே. காய்ச்சல் இறங்கும் சமயத்தில்தான் ரத்தக்குழாய்களிலிருந்து நீர் கசியும். 'விட்டுடுச்சு' என்று கடை திறக்கக் கிளம்பிய நான் மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்பிரின், புரூஃபன் வேண்டவே வேண்டாம். கூலர் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டி, தொட்டியைத் தேய்த்துக் காயவிடுங்கள்.