உடற்பருமனும் பல் சீரமைப்பும்

1882-இல் வேளாண் குடியிருப்பாகத் தோன்றிய பெங்களூரு வைட்ஃபீல்ட், இன்று உட்கார்ந்தே பணியாற்றும் மென்பொருள் ஊழியர் நிறைந்த பகுதி. வைதேகி பல் மருத்துவக் கல்லூரியும் அங்குள்ளது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயதுடையோரில் நூற்றுக்கு 30 பேர் மிகை எடையுடையோர் அல்லது பருமனானோர். இது ஈறுகளையும் தாக்குகிறது.

கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கன்று. லெப்டின் முதலிய பொருள்களைச் சுரந்து, உடலெங்கும் மெல்லிய அழற்சியை நிலைநிறுத்துகிறது. பற்களில் படியும் கிருமிப் படலத்தால் வீங்கும் ஈறு, இதனால் மேலும் எளிதில் சீர்கெடுகிறது.

பல்லுக்குக் கம்பி கட்டும்போது, அதன் விசையால் பல்லின் ஒருபுறம் எலும்பு கரைகிறது. மறுபுறம் புதிதாக வளர்கிறது. இதுவும் ஓர் அளவுக்குட்பட்ட அழற்சியே. 2017-இல் வெளியான லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வு, பருமனானோரும் இயல்பான எடையுடையோருமாக 55 இளையோரை ஒப்பிட்டது. பருமனானோரின் பற்கள் தொடக்கத்தில் விரைவாக நகர்ந்தன. எனினும் வரிசை சீராவதற்கான மொத்தக் காலம் வேறுபடவில்லை.

ஆகவே பருமனைக் காட்டிச் சிகிச்சையை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், நோயுற்ற ஈறில் பல்லை நகர்த்தினால் அதைத் தாங்கும் எலும்பே அழியும். கம்பி கட்டுமுன் எடையைக் குறித்துக்கொண்டு, ஈறுகளைக் குணப்படுத்தி, பல் துலக்கும் முறையைக் கற்பித்தல் இன்றியமையாதது.