ரோமுக்குப் போறீங்களா? முழங்காலைக் கேட்டீங்களா?

நாலு நாளில் ரோமைச் சுற்றிவிடலாம் என்று கிளம்புகிறவர்கள் விசா, டிக்கெட், ஹோட்டல் எல்லாம் சரிபார்ப்பார்கள். முழங்காலை மட்டும் மறந்துவிடுவார்கள்! பழைய ரோமில் பல தெருக்கள் கருங்கல் பாவியவை. கல்லுக்குக் கல் இடைவெளி, மேடு பள்ளம். புது ஷூ போட்டு நடந்தீர்களோ, முதல் நாளே கொப்புளம்தான். ஒரு மாதமாவது போட்டுப் பழகியதையே எடுத்துப் போங்க.

செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்தின் குவிமாடத்துக்கு 551 படிகள். 'அதான் லிஃப்ட் இருக்கே' என்பீர்கள். இருக்கிறது, பாதி வழிக்கு! அப்புறம் 320 படி ஏறணும். போகப் போகப் பாதை குறுகும். சுவரும் சாய்ந்துகொண்டே வரும். இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு இந்த வீம்பு வேண்டாம். கீழேயே மைக்கலாஞ்சலோவின் பியட்டா சிலை இருக்கிறது; அதை ஆற அமரப் பாருங்க. ஸ்பானியப் படிகளில் உட்கார்ந்து இளைப்பாறலாம் என்ற கணக்கும் நடக்காது. 2019 முதல் அங்கே உட்கார்ந்தால் அபராதம்!

ஜூலை, ஆகஸ்டில் வெயில் கொளுத்தும். தண்ணீருக்குக் கவலையில்லை. 1874 முதல் தெருவோரங்களில் 'நசோனி' குழாய்கள் இருக்கின்றன. மூக்கு மாதிரி வளைந்திருக்கும், நல்ல குடிநீர். வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள துளை வழியாகப் பீய்ச்சியடிக்கும், அப்படியே குடிக்கலாம்.

சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். விமானத்தின் சரக்கறைக் குளிரில் உறைந்துபோனால் மருந்து வீண். டாக்டர் சீட்டும் கூடவே இருக்கட்டும். அவசரமென்றால் 112.